நீருக்கு வழி, எலிக்குத் தடை

நெசவாளர் வீட்டிற்கு வருவோரில் பட்டின் நிறத்தைப் பார்ப்போர் உண்டு; ஜரிகையின் தரத்தை ஆராய்வோர் உண்டு; கோர்வையின் நேர்த்தியை வியப்போர் உண்டு. அவ்வீட்டின் சுவரடியிலே, முற்றத்து நீர் வெளியேறுவதற்கென ஒரு செங்கல் அளவுக்கு விடப்பட்டிருக்கும் துவாரத்தைக் குனிந்து பார்ப்போர் மிகச் சிலரே. சங்கங்களின் இருப்பையும் ஏடுகளையும் சரிபார்க்கும் பொருட்டு அங்கத்தினர்களின் தறிவீடுகளுக்கும் கிடங்குகளுக்கும் சென்றுவரும் நாம், அத்துவாரத்தைப் பற்றியே இவ்விதழில் சில சொல்ல விரும்புகிறோம். பொருள் சிறிது என்று அங்கத்தினர்கள் இதனை ஒதுக்கிவிடலாகாது. பாவு அறுந்ததும், ஜரிகை கறுத்ததும், எடை குறைந்ததும் பல வேளைகளில் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இத்துவாரத்தைத் தூம்பு என்பர் சிலர். ஜலதாரை என்பர் வேறு சிலர். மண்ணைத் தாங்கி நிற்கும் மதில்களில் விடப்படும் சிறு துளைகளை இங்கே கசிவுத் துளைகள் என்று குறிப்போம். பெயர் எதுவாயினும் வேலை ஒன்றே. நீரை உள்ளே தேங்கவிடாமல் வெளியேற்றுவது. நீர் வெளியேறும் வழியே எலி உள்ளே வரும் வழியாகவும் அமைந்துவிடுகிறது என்பதே இதிலுள்ள சிக்கல். எலிக்கு அஞ்சித் துவாரத்தை அடைத்தால் நீர் உள்ளே நிற்கும். நீருக்காகத் திறந்து வைத்தால் எலி உள்ளே புகும். நீரைப் போகவிட்டு எலியை மட்டும் நிறுத்தும் வழி எளியது, செலவும் குறைந்தது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துவாரம் எதற்கு?

சுவரில் நீர்ப்போக்கு வைப்பது புதிய பழக்கமன்று. சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில் வீட்டுக் குளியலறை நீர் செங்கற் சுவரினூடே சென்று தெரு வடிகாலில் விழுமாறு அமைத்திருந்தனர். நம் கீழடியிலும் சுடுமண் குழாய்களை ஒன்றனுள் ஒன்று பொருத்திய நீர்வழி அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. சுருங்கை, தூம்பு, மதகு என்று தமிழில் நீர்வழிகளுக்குத் தனித்தனிச் சொற்கள் இருப்பதே, நம் முன்னோர் இதில் எவ்வளவு கருத்துச் செலுத்தினர் என்பதைக் காட்டும்.

காஞ்சியில் வாழும் நமக்கு இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கிழக்கு நோக்கிய சந்நிதிகளில், அபிடேக நீர் கருவறையின் வடபுறத்துக் கோமுகை வழியே வெளியேறுவதை நாள்தோறும் காண்கிறோம். அக்கல் சுவரோடு ஒட்டி நில்லாமல் வெளியே நீண்டிருக்கும். நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஆதலால் நீர் சுவரை நனைக்காமல் தள்ளி விழுகிறது, சுவரடியும் கரைவதில்லை. நம் வீட்டுத் தூம்புக்கு வேண்டிய பாடங்களில் பாதி அக்கல்லிலேயே அடங்கியிருக்கிறது.

நெசவாளர் வீட்டிலே இத்துவாரத்தின் பொறுப்பு பெரிது. நாற்புறத்துத் தாழ்வாரங்களின் நீரும் முற்றத்தில் வந்து விழும். 20 சதுர மீட்டர் கூரைப் பரப்பில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால், முற்றத்தில் சேரும் நீர் 1,000 லிட்டர். இவ்வளவும் அவ்வொரு துவாரத்தின் வழியே வெளியேற வேண்டும். வெளியேறாவிடில் அது நாடும் இடம் வீட்டிலுள்ள தாழ்ந்த பள்ளமாகும். அப்பள்ளம் எது என்று நெசவாளருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. குழித்தறியின் குழியே அது.

மண்ணைத் தாங்கும் மதிலின் நிலையும் இத்தகையதே. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். மதிலின் பின்னே 1 மீட்டர் உயரத்திற்கு நீர் தேங்கினால், மதிலின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறக்குறைய 500 கிலோகிராம் எடைக்கு நிகரான விசை தள்ளுகிறது. நீர் 2 மீட்டர் உயர்ந்தால் அவ்விசை 2,000 கிலோகிராமாகும். அதாவது, உயரம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. அடைமழையில் நல்ல மதில்களும் சாய்ந்து வீழ்வதற்கு இது ஒரு முக்கிய காரணம். கசிவுத் துளைகள் நீரை வடித்து இவ்விசையைக் குறைக்கின்றன.

உள்ளே வருவோர் யாவர்?

முதலாவது எலி. வீட்டெலி, சுண்டெலி, பெருச்சாளி என்னும் மூன்றும் நம் தெருக்களில் உண்டு. எலியின் முன்பற்கள் ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. எதையேனும் கொறித்து அவற்றைத் தேய்த்துக்கொண்டே இருத்தல் அதற்கு இயற்கை. ஆகையால் தின்னத் தகாத பொருளையும் அது கொறிக்கும்; மரம், ரப்பர், பிளாஸ்டிக், ஈயம், நன்கு இறுகாத சிமெண்டுக் கலவை ஆகிய எதுவும் அதற்குத் தடையாகாது. எஃகுக் கம்பி ஒன்றே அதன் பல்லை மடக்கும்.

எலி நுழையும் அளவைப் பலரும் குறைத்து மதிப்பிடுகின்றனர். தலை நுழைந்த இடத்தில் உடலையும் சுருக்கி நுழைத்துவிடுவது அதன் திறம். வளர்ந்த எலிக்கு 12 மில்லிமீட்டர் இடைவெளி போதும். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டரே போதும். கொத்தனார் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல். அக்கணக்கில் எலிக்கு 4 நூல், சுண்டெலிக்கு 2 நூல். நாம் எழுதும் பென்சில் நுழையும் சந்து எதுவோ, அது சுண்டெலிக்கு வாசல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

பெருச்சாளியோ வாசல் தேடுவதோடு நில்லாமல் வாசல் உண்டாக்கவும் வல்லது. சுவரடி மண்ணைப் பறித்து, தூம்பின் ஓரத்துச் செங்கல்லைத் தளர்த்தி, அஸ்திவாரத்தின் கீழே வளை அமைக்கும். அது நன்றாக நீந்தும்; ஆகவே சாக்கடையில் நீர் ஓடுகிறது என்பதனால் அது வாராது என எண்ணுதல் தவறு.

எலியைத் தொடர்ந்து பாம்பு வரும். சாரையும் நல்ல பாம்பும் எலியை நாடி வருவன. இரவில் உலவும் கட்டு விரியன் ஈரமும் இருளும் உள்ள இடத்தில் ஒதுங்கும். மூஞ்சூறு எலி இனத்தைச் சேர்ந்ததன்று, பூச்சிகளைத் தின்பது. ஆயினும் அது வந்த வழியில் பிறவும் வரும். கரப்பான், தேள், பூரான் ஆகியவை தூம்பின் ஈரத்தைத் தேடி வருவன. கறையானும் ஈரச் சுவரையே முதலில் பற்றும். உலர்ந்த கசிவுத் துளைகளில் குளவி மண்கூடு கட்டுகிறது; அதனால் துளை அடைபட்டுப் போகிறது. இதனை வீட்டார் அறிவது, அடுத்த மழையில் மதில் நனைந்து உப்பிய பின்னரே.

நட்டம் யாருடையது?

பாவுக்கு அரிசிக் கஞ்சி இட்டு உலர்த்துவது நம் வழக்கம். இழைக்கு வலிமை தரும் அக்கஞ்சியே எலிக்கும் கரப்பானுக்கும் விருந்தாகிறது. ஒரு பாவில் மூன்று சேலை நெய்வது நம் ஊரில் பெருவழக்கு. அப்பாவில் ஓரிடத்தில் எலி வாய் வைத்தால் அறுபடுவது ஓர் இழையன்று, ஒரு கொத்து. அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிணைக்க வேண்டும். பிணைத்த இடம் சேலையின் உடலில் விழுந்தால், அச்சேலையைச் சங்கம் முதல் தரமாக ஏற்பது அரிது. விழுதையும் தார்க்கண்டையும் எலி கடித்தால் வேலை நிற்கும். வேலை நின்ற நாளுக்குக் கூலி இல்லை.

இங்கே அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டியது மற்றொன்று உண்டு. தறியில் ஏறியிருக்கும் பட்டும் ஜரிகையும் சங்கம் எடைபோட்டுக் கொடுத்தவை. சேலையாகத் திரும்பி வரும்போது மீண்டும் எடைபோட்டு வரவு வைக்கப்படுபவை. எலி இழுத்துச் சென்று வளையில் மெத்தையாக்கிக்கொண்ட பட்டுக்கு எந்த ஏட்டிலும் பத்து இல்லை. அங்கத்தினரின் பேரில் எடைக் குறைவு என்றே அது நிற்கும். நேர்மையான நெசவாளர் ஒருவர், தாம் எடுக்காத நூலுக்குக் கணக்குச் சொல்ல இயலாமல் தலைகுனிந்து நிற்கும் நிலையை நாம் கண்டதுண்டு. ஒரு சாண் கம்பிவலை அவருடைய மானத்தைக் காத்திருக்கும்.

ஜரிகைக்கு வரும் கேடு வேறு வகையானது. ஜரிகையின் மேனியில் பொன் இருப்பினும் அதன் உடல் வெள்ளி. சாக்கடையில் அழுகும் பொருள்களிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயு வெள்ளியைக் கறுக்கச் செய்யும். மூடப்படாத சாக்கடைத் துவாரத்தின் அருகே ஜரிகைப் பெட்டியை வைத்திருப்போர், ஜரிகை மங்கியதற்கு ஜரிகை விற்றவரைக் குறை கூறுமுன் தம் தூம்பையும் ஒரு முறை முகர்ந்து பார்ப்பது நல்லது.

அடைப்பது மருந்தாகாது

எலித் தொல்லை மிகுந்தவுடன் பலரும் முதலில் செய்வது, பழந்துணியையோ சாக்கையோ தூம்பில் திணித்து, மேலே ஒரு கல்லை வைப்பது. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது போன்ற செயல் இது. துணியை எலி ஓர் இரவில் கொறித்துவிடும். நீரோ அந்த இரவே தேங்கிவிடும். சிமெண்டு பூசி நிரந்தரமாக அடைத்தோரின் நிலை இன்னும் கடினமாகிறது. வெளியே போகாத ஈரம் செங்கல் வழியே மேலேறும். சுண்ணாம்புப் பூச்சு உப்பி உதிரும். தறியின் மரம் உளுக்கும்.

ஈரத்தால் கணக்கும் கெடும். பட்டு ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. உலர் எடையில் 11 சதவீத ஈரத்தை இயல்பானதென்று வாணிபத்தில் ஏற்றுக்கொள்கின்றனர். காற்றில் ஈரம் மிகுந்தால் அதற்கும் மேலாகவே பட்டு ஈரத்தை ஏற்கும். கைக்கு நனைந்ததாகவும் தோன்றாது. ஈரமான அறையில் வைத்து எடைபோட்டுக் கொடுத்த பட்டு, உலர்ந்த வீட்டில் எடை குறைந்து நிற்கும். யாரும் களவாடவில்லை, ஆயினும் சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் இடையே மனத்தாங்கல் வளரும். கிடங்கின் தூம்பு அடைபட்டிருப்பது இவ்வாறு தராசையும் தொடுகிறது.

இனி உடல்நலம். தேங்கிய அழுக்கு நீரில் க்யூலெக்ஸ் என்னும் கொசு முட்டையிடுகிறது. யானைக்கால் நோயைப் பரப்புவது இக்கொசுவே. முட்டை கொசுவாக மாறுவதற்கு நம் நாட்டு வெப்பத்தில் ஏறக்குறைய 10 நாட்கள் ஆகும். வாரம் ஒரு முறை தூம்பின் அடைப்பை நீக்கி நீரை வடித்துவிட்டால் அந்த வட்டம் அறுபடும். எலியின் சிறுநீர் கலந்த நீரால் எலிக்காய்ச்சல் உண்டாகிறது. அதன் கிருமி காலிலுள்ள சிறு வெடிப்பு வழியாகவும் உடலில் புகும். குழியில் கால் வைத்து நாள் முழுதும் மிதிக்கும் நெசவாளருக்கு, குழியில் எலி நடமாட்டமும் ஈரமும் சேர்ந்திருப்பது பெரும் ஆபத்து. மழைக்காலத்தில் கடுங்காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். தறிக்குழியில் நீர் இருந்ததையும் அவரிடம் சொல்ல வேண்டும்.

2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் பெய்த பெருமழையை நம் மாவட்டத்தார் மறந்திருக்க இயலாது. மழை மிகும்போது வேகவதியும் நகரினூடே செல்லும் மஞ்சள்நீர்க் கால்வாயும் நிரம்புகின்றன. தெருச் சாக்கடை மேலெழுகின்றது. வெளியேற வேண்டிய நீர் அதே தூம்பின் வழியே வீட்டுக்குள் திரும்புகின்றது. வளையில் நீர் புகுந்த எலிகளும் அப்போதுதான் மேட்டை நாடி வீடுகளுக்குள் ஏறுகின்றன. ஆகவே, தூம்பின் காவல் மழைக்கு முன்னரே முடிந்திருக்க வேண்டும்.

நஞ்சைப் பற்றியும் ஒரு சொல். எலிமருந்து வைத்தால் தொல்லை தீரும் என்பார் உண்டு. நஞ்சுண்ட எலி சுவரினுள் செத்து நாறுவது ஒருபுறமிருக்க, குழந்தைகள் தவழும் வீட்டில் அது வைக்கத்தக்க பொருளன்று. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசை கல்லீரலை அழிப்பது. அதற்கு நேரான மாற்று மருந்து கிடையாது. 2024ஆம் ஆண்டு நவம்பரில், நம் மாவட்டத்துக் குன்றத்தூர்ப் பகுதியில் ஒரு வீட்டில் எலிக்கென வைத்த மருந்தின் நெடியால் இரு குழந்தைகள் உயிரிழந்தனர். வாசலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே நஞ்சு வைப்பதைக் காட்டிலும், வாசலுக்கு வலை போடுவது எவ்வளவோ மேல்.

செய்ய வேண்டியவை

1. கணக்கெடுத்தல்: முதலில் வீட்டைச் சுற்றி வந்து, முற்றத்துத் தூம்பு, குளியலறை, சமையலறை, சாயப்பட்டறை நீர்ப்போக்குகள், மாடித் தண்ணீர்க் குழாய்கள், மதிலின் கசிவுத் துளைகள் ஆகிய அனைத்தையும் எண்ணிக் குறித்துக்கொள்க. குழாய் சுவரைத் துளைத்துச் செல்லும் இடத்தில் குழாயைச் சுற்றியுள்ள சந்தையும் ஒரு துவாரமாகவே கொள்க.

2. வலை: துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிவலையோ எவர்சில்வர் வலையோ வாங்குக. கண் 6 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. கம்பி 1 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. முடிச்சிட்ட கோழிவலை உதவாது. அதன் கண் பெரிது. பிளாஸ்டிக் வலையை எலி கடித்துவிடும். கொசுவலையோ நூல் தூசியாலும் தலைமயிராலும் ஓரிரு நாளில் அடைபடும். அதனை உலர்ந்த காற்றுத் துவாரங்களுக்கு மட்டும் பயன்படுத்துக.

3. துவாரத்தின் அளவு: 6 மில்லிமீட்டர்க் கண்ணும் 1 மில்லிமீட்டர்க் கம்பியும் உள்ள வலையை வைத்தால், துவாரத்தின் பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு கம்பிக்கே போய்விடும். எனவே வலை வைக்குமுன் துவாரத்தை மூன்றில் ஒரு பங்கு அகலப்படுத்துதல் நலம். இதைச் செய்யாதோரே வலை போட்டதால் தண்ணீர் நிற்கிறது என்று பின்னர் வலையைப் பிடுங்கி எறிகின்றனர்.

4. பொருத்தும் முறை: வலையைச் சுவரின் வெளிவாயில் பொருத்துக. உள்வாயில் மட்டும் பொருத்தினால் சுவரின் தடிமனுக்குள் எலி கூடு கட்டும். வலையின் ஓரத்தை நாற்புறமும் 5 சென்டிமீட்டர் மடித்து, ஒரு பங்கு சிமெண்டு மூன்று பங்கு மணல் கலவையில் பதிக்க வேண்டும். குழாயைச் சுற்றியுள்ள சந்துகளை அடைக்கும் கலவையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைச் சேர்ப்பது பழைய கொத்தனார்களின் நல்ல வழக்கம். இறுகாத கலவையை எலி பறிக்குமாதலால், முதல் இரண்டு மூன்று இரவுகள் ஒரு தகட்டை முட்டுக்கொடுத்து வைக்க வேண்டும். ஏழு நாட்கள் நீர் தெளித்து வருவதையும் மறத்தலாகாது. உள்வாயில் கையால் எடுக்கக்கூடிய ஒரு சல்லடைத் தட்டை வைத்தால், குப்பை அதிலேயே தங்கும், வெளிவலை அடைபடாது.

5. சாய்வும் நீட்சியும்: தூம்பின் தரை வெளிப்புறம் சாய்ந்திருக்க வேண்டும். குழாய் கோமுகையைப் போலச் சுவரைக் கடந்து நீண்டிருந்தால் நீர் சுவரடியை அரிக்காது. சுவரடி மண் இறுகி இருந்தால் பெருச்சாளிக்குப் பறிப்பது கடினம். நீர் விழும் இடத்தில் ஒரு கருங்கல்லைப் பதித்து வைக்க.

6. நீர்ப்பூட்டு: சாக்கடையோடு நேரே இணைந்த தூம்புகளுக்கு, கடைகளில் நஹானி டிராப் என்னும் பெயரில் விற்கும் வளைவுக் கிண்ணத்தைப் பொருத்துக. அதில் எப்போதும் நிற்கும் நீர், சாக்கடை வாயுவையும் கரப்பானையும் தடுக்கும். பயன்படாத அறையில் இந்நீர் காய்ந்துவிடும். ஆதலால் வாரம் ஒரு செம்பு நீர் ஊற்றுதல் வேண்டும். நீந்தும் பெருச்சாளியை நீர்ப்பூட்டு மட்டும் தடுக்காது; மேலே எவர்சில்வர் ஜாலியும் இருந்தாக வேண்டும்.

7. தொங்கு தகடு: தெருச் சாக்கடை மேலெழும் தாழ்ந்த இடங்களில், தூம்பின் வெளிவாயில் மேற்புறம் கீல் வைத்த ஒரு தகட்டைத் தொங்கவிடுதல் நன்று. உள்ளிருந்து நீர் தள்ளும்போது அது திறக்கும்; வெளிநீர் தள்ளும்போது மூடும். வண்டல் படிந்தால் தகடு மூடாதாகையால், மழைக்காலத்தில் அதனைத் தினமும் பார்த்துவர வேண்டும்.

8. கசிவுத் துளைகள்: மண் தாங்கும் மதிலில் 75 முதல் 100 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள குழாய்களை வெளிப்புறம் சாய்த்து வைப்பது முறை. பின்புறம் கருங்கல் சல்லி நிரப்பினால் மண் வந்து அடைக்காது. வெளிவாயில் வலை வைத்தால் எலி புகாது. செங்கல் இணைப்பில் விடப்பட்ட விரல் அகலச் சிறு துளைகளுக்கு, பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நாரை இறுக்காமல் தளர்வாகச் செருகினால் போதும். நீர் கசியும், எலி கடிக்காது, குளவியும் கூடு கட்டாது. இரும்பு நார் துருப்பிடித்துச் சுவரைக் கறைப்படுத்தும்.

9. பராமரிப்பு: வாரம் ஒரு முறை தூரிகையால் வலையைத் தேய்த்து, நூல் பிசிறையும் கஞ்சி ஆடையையும் நீக்குக. புரட்டாசி முடிவதற்குள் ஒரு சோதனை செய்க. ஒரு குடம் நீரைத் தூம்பில் ஊற்றிப் பார்க்க. தயங்காமல் போனால் நன்று, நின்று போனால் அடைப்பு உண்டு என்று அறிக. கழிவு நூலையும் விறகையும் தூம்பின் அருகே குவித்து வைத்தலாகாது. அது எலிக்கு நாமே கட்டிக் கொடுக்கும் சத்திரம்.

கிடங்கும் புழு வளர்ப்பு மனையும்

பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இவை பொருந்தும். எலி ஒரு நாளில் தன் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு தானியத்தைத் தின்னும். தின்பதைவிடச் சிறுநீராலும் புழுக்கையாலும் கெடுப்பது அதிகம். தானியக் கிடங்கின் கழுவு நீர் வெளியேறும் துவாரத்துக்கும் மேற்சொன்ன வலையே காவல். மூட்டைகளை மரச்சட்டத்தின் மேல் அடுக்கி, சுவருக்கும் அடுக்குக்கும் இடையே ஓர் ஆள் நடந்து பார்க்கும் வழி விட்டால், எலி வந்த சுவடு உடனே தெரியும். சுவரோடு அணைத்து அடுக்கினால் துவாரமே கண்ணுக்கு மறைந்துபோம்.

மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்ப்போர் இதில் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். புழுவையும் கூட்டினுள் இருக்கும் கூட்டுப்புழுவையும் எலி விரும்பித் தின்னும். ஊஜி ஈ என்னும் பகையும் உண்டு. 1980ஆம் ஆண்டில் கருநாடகத்தில் புகுந்து, பின்னர் தமிழகத்திலும் பரவிய அவ்வீ, பட்டுப்புழுவின் மேல் முட்டையிடும். அதன் புழு பட்டுப்புழுவை உள்ளிருந்து தின்று வெளிப்பட்டு, தரை வெடிப்புகளிலும் மண்ணிலும் பதுங்கிக் கூட்டுப்புழுவாகிறது. சன்னலுக்கு வலையடித்த மனையிலும் கழுவு நீர்த் துவாரம் திறந்து கிடந்தால் ஈக்கு அது வழியாகிறது. இங்கே நீர் விடுவது மனையைக் கழுவும் வேளையில் மட்டுமே ஆதலால், மற்ற நேரங்களில் இறுக்கமான மூடியிட்டு வைக்கலாம். வீட்டு முற்றத்துத் தூம்புக்கு மூடி கூடாது. புழு மனைக்கு மூடி தகும். மழைநீர் வந்து சேரும் துவாரமா, நாமே நீர் விடும் துவாரமா என்று பார்த்து இதனை முடிவு செய்க.

தனி ஒருவர் செய்து தீராது

நம் தெருக்களில் வீடுகள் ஒட்டுச்சுவர்களோடு நிற்கின்றன. ஒருவர் மட்டும் வலை பொருத்தினால் எலி அடுத்த வீட்டுக்குச் சென்று, அங்கிருந்து கூரை வழியே திரும்பி வரும். தெரு முழுதும் ஒரே வாரத்தில் செய்தால்தான் பலன் நிலைக்கும். கூட்டுறவுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எது?

சூரத் நகரின் வரலாறு இதற்குத் தக்க பாடமாகும். நம் சேலைகளுக்கு ஜரிகை அனுப்பிய அந்நெசவு நகரில், 1994ஆம் ஆண்டுப் பெருமழைக்குப் பின் குப்பையும் நீரும் தேங்கிக் கிடக்க, செப்டம்பரில் கொள்ளை நோய் தோன்றியது. தொழிலாளர் இலட்சக்கணக்கில் ஊரை விட்டு ஓடினர், தறிகள் நின்றன. மறு ஆண்டு முதல் மாநகராட்சியும் மக்களும் முனைந்து வடிகால்களையும் தெருக்களையும் செப்பனிட்டதில், நாட்டின் தூய நகரங்களுள் ஒன்றெனச் சில ஆண்டுகளிலேயே அது பெயர் பெற்றது. அழிவுக்குப் பின் செய்ததை நாம் அழிவுக்கு முன்னரே செய்துகொள்வது அறிவுடைமை.

பாம்பு வீட்டினுள் வந்துவிட்டால் அடித்துக் கொல்ல முனையாமல் தீயணைப்புத் துறையினரை அழைத்தல் நலம். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம், பாம்பின் நஞ்சை எடுத்து, கடித்தவருக்கு மருந்து செய்ய உதவி வருகிறது. பாம்புக்கும் எலிக்கும் அஞ்சி வாழ்ந்த மக்களிடையே, பாம்பையே தொழிலாகக் கொண்டு ஒரு சங்கம் கூட்டுறவில் தழைத்திருப்பது நமக்கு ஊக்கம் தருவதாகும்.

சங்கங்கள் செய்யக்கூடியவை நான்கு. முதலாவது, தேவையான வலையை மொத்தமாக வாங்கி அடக்க விலைக்கு அங்கத்தினர்களுக்கு வழங்குதல். இரண்டாவது, ஒரு கொத்தனாரை அமர்த்தித் தெருத் தெருவாக ஒரே முறையில் வேலையை முடித்தல். மூன்றாவது, சட்டமும் துணைவிதிகளும் இடம் தரும் அளவில், பேரவையின் ஒப்புதலோடு பொதுநல நிதியிலிருந்து ஏழை அங்கத்தினர்களின் செலவை ஏற்றல். நான்காவது, தறி பார்வையிடச் செல்லும் ஊழியர் தறியோடு தூம்பையும் பார்த்துப் பதிவு செய்தல். தெருச் சாக்கடை அடைபட்டிருந்தால், 2021ஆம் ஆண்டு முதல் மாநகராட்சியாக விளங்கும் காஞ்சிபுரத்தின் அலுவலகத்துக்குச் சங்கத்தின் பெயரால் எழுத்து மூலம் தெரிவித்தல் தனி ஒருவர் முறையீட்டைவிட வலிமையுடையது.

நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904ஆம் ஆண்டு அக்டோபரில் பதிவானது இப்பெரிய காஞ்சிபுரத்திலேதான். சிறு தொகைகளை ஒன்று சேர்த்தால் பெரிய காரியம் ஆகும் என்று அன்று நம் ஊரார் நாட்டுக்குக் காட்டினர். சேர்த்த பொருளைச் சிறு துவாரத்தின் வழியே இழந்துவிடாமல் காப்பதும் அதே சிக்கனத்தின் மறுபாதியாகும். அங்கத்தினர்கள் ஐப்பசி மழை இறங்குமுன் தத்தம் வீட்டுத் தூம்பைக் குனிந்து பார்த்து, பென்சில் நுழையும் சந்து எதுவும் மிஞ்சாதவாறு செய்வார்களாக. ஊற்றிய குடத்து நீர் தயங்காமல் வெளியே போகிறதா என்றும் பார்ப்பார்களாக. இவ்விரண்டும் ஆயின், இவ்வாண்டு மழையில் குழித்தறியும் உலர்ந்திருக்கும், பாவும் முழுமையாய் இருக்கும்.